மின்சாரக் காரும் குடும்பக் கணக்கும்

தமிழ்நாட்டை விட்டுத் தலைநகருக்கு வந்து குடியேறிய நம்மவர்களுக்குச் சொந்தக் கார் என்பது வெகுகாலம் வரையில் ஆடம்பரப் பொருளாகவே இருந்து வந்தது. என் தந்தையார் 1969ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக டில்லிக்கு வந்தவர். ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமே அன்று அவருடைய உடைமை. பணி ஓய்வு பெறும் வரையில் சைக்கிளிலும் நகரப் பேருந்திலுமே அலுவலகம் சென்று வந்தார். அதில் அவருக்கு யாதொரு குறையும் தோன்றியதில்லை.

இன்று நிலைமை வேறு. நடக்க இயலாத முதியவர் ஒருவரும், பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் கார் என்பது கட்டிலையும் அடுப்பையும் போன்ற ஒரு தட்டுமுட்டாகவே ஆகிவிட்டது. ஆகையால் அதை வாங்குவதிலும் அடுப்பு வாங்கும் நிதானமே வேண்டும். அடுப்பு எத்தனை அழகாக இருக்கிறது என்றா பார்க்கிறோம்? நம் வீட்டுக்குப் போதுமா, நம் சமையலறையில் வைக்க இடமுண்டா என்றுதானே பார்க்கிறோம்! குறைந்த விலை மின்சாரக் கார் ஒன்றை வாங்கலாமா என்று எங்கள் வீட்டில் நான்கு மாத காலம் நடந்த ஆலோசனையை இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே ஆலோசனை இப்போது நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் நடந்து வருகிறது என்று அறிவதுதான்.

எங்களிடம் 2016இல் வாங்கிய டீசல் கார் ஒன்று இருந்தது. டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வகுத்ததையும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் நேயர்கள் அறிவார்கள். 2025இல் நீதிமன்றம் அதைச் சற்றுத் தளர்த்தியது. ஆயினும் எங்களைச் சிந்திக்க வைத்தது வண்டியின் வயது அன்று, குளிர்காலத்துப் புகை.

தந்தையாருக்கு வயது 79. நாட்பட்ட நுரையீரல் நோய் அவருக்கு உண்டு. 2024 நவம்பர் 15ஆம் நாள் காற்று மிகவும் கெட்டதால் மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 வகை டீசல் கார்கள் அன்றுமுதல் தெருவில் இறங்கலாகாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். மூன்று நாள் கழித்து நான்காம் கட்டமும் வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே எங்கள் கார் நிற்கிறது. அதை எடுத்தால் வழியில் காவலர் நிறுத்தி விசாரிக்கக்கூடும். அவரிடம் நியாயம் சொல்லி விடுபடலாம்தான். ஆனால் அதற்கு ஆகும் பத்து நிமிஷத்துக்கு அப்பாவிடம் மூச்சு இருக்க வேண்டுமே! எதிர் வீட்டுப் பஞ்சாபி நண்பர் உறக்கத்திலிருந்து எழுந்து வந்து, தம்முடைய எரிவாயுக் காரில் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

காற்று எந்நாளில் மிகக் கெடுகிறதோ, அந்நாளிலேதான் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வேண்டும். அந்நாளிலேதான் எங்கள் வண்டிக்குத் தெருவில் இறங்க உரிமையில்லை. இவ்வொன்று போதாதா, வண்டியை மாற்றத் தீர்மானிப்பதற்கு?

மின்சாரக் கார் நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. பெங்களூரில் உருவான ரேவா என்னும் சிறு கார் 2001லேயே விற்பனைக்கு வந்தது. ஈய-அமில பாட்டரி கொண்ட அவ்வண்டி ஒருமுறை மின்னேற்றினால் 80 கிலோமீட்டர் அளவே ஓடும். குடும்பத்துக்கு உதவும் மலிவான வண்டிகள் தோன்றப் பின்னும் இருபது ஆண்டுகள் சென்றன. டாட்டா டியாகோவின் மின்சார வடிவம் 2022 செப்டம்பரில் எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் வந்தது. எம்.ஜி. காமெட் 2023இல் எட்டு லட்சத்துக்கும் குறைவான விலையில் வந்தது.

இவற்றைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: “எவ்வளவு தூரம் போகும்?” 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரி உடைய டியாகோவுக்கு, வெளிவந்தபோது 315 கிலோமீட்டர் என்று சான்றளித்திருந்தார்கள். அது சோதனைச் சாலைக் கணக்கு. நெரிசலும் குளிர்சாதனமும் சேர்ந்த நகர வாழ்க்கையில் 190 என்று கொள்வதே விவேகம். டில்லிக் குளிரில் அதுவும் குறையும்.

அது போதுமா என்பதைக் கண்டறிய நான் வேறொன்றும் செய்யவில்லை. ஒரு குறிப்பேட்டை வண்டியிலேயே வைத்து, ஒரு மாதம் முழுவதும் எங்கே போனோம், எவ்வளவு தூரம் ஓடினோம் என்று எழுதி வந்தேன். மயூர் விஹாரிலிருந்து நோய்டாவில் உள்ள என் அலுவலகத்துக்குப் போய்வர 28 கிலோமீட்டர். கடைத் தெரு, மகளின் மாலை வகுப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் 35. ஆஸ்பத்திரி 16 கிலோமீட்டர் தொலைவில். மாதம் இருமுறை ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். ஆக மாதம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். எந்த ஒரு நாளிலும் 70ஐத் தாண்டவில்லை.

“ஊருக்கு எப்படிப் போவது?” என்று சிலர் கேட்டார்கள். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். நம் கூட்டத்தில் எத்தனை பேர் காரிலே ஊருக்குப் போகிறோம்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்கும் அன்றோ நம்மைச் சுமந்து செல்கின்றன? நாம் ஒருநாளும் போகாத பாதைக்காக வண்டியைப் பழிப்பது முறையன்று. எஞ்சியது ஹரித்துவாரம். 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ள அவ்வழியில், நடுவே ஒரு மணி நேரம் நிறுத்தி விரைவு மின்னேற்றம் செய்தாக வேண்டும். முதியவரோடு அப்படிக் காத்திருப்பது கடினம். ஆண்டுக்கு ஒருமுறை இருமுறை செய்யும் அந்தப் பிரயாணத்துக்கு வாடகைக் கார் அமர்த்துவது என்று முடிவு செய்தோம். 360 நாள் தேவையை ஐந்து நாள் தேவைக்காக விட்டுக்கொடுப்பது சிக்கனமாகாது.

அடுத்து, யார் யார் ஏறுவார்கள் என்ற கேள்வி. காமெட் நெரிசலான தெருவுக்கு மிகப் பொருத்தமான குட்டி வண்டி, எளிதில் நிறுத்தலாம். ஆனால் அதற்குப் பக்கக் கதவுகள் இரண்டே, இருக்கைகள் நான்கே. நாங்கள் ஐவர். முன்னிருக்கையை மடக்கிப் பின்னே நுழைந்து உட்காரும் வித்தையை 79 வயதில் யார் பயில முடியும்? கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள இல்லத்துக்கு அது நன்றாக உதவும், எங்களுக்கு உதவாது. நாலு கதவு வண்டியிலும் விற்பனையாளர் சொல்லை நம்பாமல், அப்பாவையே அழைத்துச் சென்று ஏறி இறங்கச் செய்து பார்த்தோம். மடக்கு நாற்காலியும் சிறிய பிராணவாயு உருளையும் பின்புறப் பெட்டியில் அடங்கின.

பணக் கணக்குக்கு வருவோம். நான் பார்த்த 2025 தொடக்கத்து விலைகளையே இங்கே சொல்லுகிறேன். பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய் அளவில் இருந்தது. நகரத்தில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 6,800 ரூபாய். மின்சாரக் காருக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, அதே தூரத்துக்கு 143 யூனிட் தேவை. சில்லறைக் கட்டணங்கள் யாவும் உட்பட யூனிட் 8 ரூபாய் என்று சற்று மிகையாகவே வைத்துக்கொண்டாலும் 1,150 ரூபாய்தான். மாதம் 5,650 ரூபாய் மிச்சம். எனக்குச் சொல்லப்பட்ட விலைகளில், அதே அளவான பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் இரண்டரை லட்சம் அதிகம். அந்த அதிகத் தொகை நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். பாட்டரிக்கு உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆகவே கணக்கு நேராகிறது.

ஆனால் இதே கணக்கு எல்லோருக்கும் நேராகாது. மாதம் 300 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கு மிச்சம் 1,700 ரூபாய். முதல் திரும்பப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அவருக்குப் பாட்டரியின் உத்தரவாதம் முந்திக்கொள்ளும். சிக்கனத்துக்காக மட்டும் அவர் மின்சாரக் கார் வாங்க வேண்டியதில்லை. டில்லியில் எரிவாயுக் காரும் நல்ல போட்டியாளனே. அதற்கு 1,000 கிலோமீட்டருக்கு 3,750 ரூபாய் அளவில் ஆகும் என்று கண்டேன். விலையும் குறைவு. ஆயினும் அதன் எரிவாயு உருளை பின்பெட்டியை அடைத்துக்கொண்டால் அப்பாவின் நாற்காலியை எங்கே வைப்பது?

இத்தனையும் தெளிந்த பிறகுதான் உண்மையான தடை எதிர்ப்பட்டது. வண்டி பகலில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதன்று; இரவில் எங்கே நிற்கும் என்பதே அந்தக் கேள்வி.

நாங்கள் வசிப்பது கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றின் மூன்றாம் மாடியில். கார் நிற்பது தரைமட்டத்தில், மின்மீட்டர்ப் பலகையிலிருந்து 35 மீட்டர் தள்ளி. 15 ஆம்பியர் பிளக் ஒன்று வேண்டும் என்று விண்ணப்பித்தேன். நிர்வாகக் குழுவினர் மறுத்தார்கள். தீப்பிடிக்கும் என்றார் ஒருவர். கட்டடத்தின் மின்சாரம் தாங்காது என்றார் ஒருவர். பொது மின்சாரத்தை ஒருவர் குடிக்க மற்றவர்கள் பணம் கட்டுவதா என்றார் இன்னொருவர். இவை விதண்டாவாதங்கள் அல்ல. வீட்டைக் காக்கும் பொறுப்புள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆகவே ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலம் பதில் கொடுத்தேன். வீட்டிலுள்ள மின்னிணைப்பைக் கொண்டே வண்டிக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அது இழுக்கும் மின்சாரம், ஒரு வெந்நீர்க் கீஸரும் ஒரு குளிர்சாதனமும் சேர்ந்து இழுக்கும் அளவே. அன்றாட 35 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் போதும். பாட்டரி இரும்பு பாஸ்பேட் வகையானது. எளிதில் தீப்பற்றும் தன்மை அதற்குக் குறைவு. எனினும் தரமான கம்பியும், நிலத்தோடு சேர்க்கும் இணைப்பும், தனி மீட்டரும், தானே துண்டிக்கும் சாதனமும் வைக்கச் சம்மதித்தேன். இரண்டு மாதத்துக்குப் பின் அனுமதி கிடைத்தது. செலவு 18,000 ரூபாய். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே காருக்கு முன்பணம் கட்டினேன்.

என் மனைவிக்கு மட்டும் ஒரு கலக்கம் நீங்கவில்லை. “ஏங்க, கோடையிலே ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லாம போனா, மாமாவை எப்படி அழைச்சிட்டுப் போறது?” என்றாள். விடையும் அவளே கண்டாள். தண்ணீர்க் குழாய் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் வளர்ந்தவள் அவள்; குடம் பாதியாகும் முன்பே நிரப்பி வைப்பது அவள் வழக்கம். பாட்டரி 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாகாது என்று விதி வகுத்தாள். அந்த 40 சதவீதம் 70 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆஸ்பத்திரியோ 16 கிலோமீட்டர். மின்சாரக் காரின் சூட்சுமம் இதுவே. பெட்ரோல் வண்டி கிணற்றைத் தேடிப் போவது. இது வீட்டில் நிரம்பி இருக்கும் குடம்.

தந்தையார் இந்த ஆலோசனையில் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், “தம்பி, எனக்காகன்னு இதை வாங்காதே. நான் இல்லாத காலத்திலும் உங்களுக்கு உதவுமான்னு பார்த்து வாங்கு” என்றார். அவ்வார்த்தை மனத்தை வருத்தியது. ஆனால் கணக்கைச் செம்மைப்படுத்தியது. அவருடைய நோயை விலக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அப்போதும் விடை மாறவில்லை. 2025 மார்ச்சில் 24 யூனிட் வண்டியை வாங்கினோம்.

இதனால் உலகத்துக்குப் பெரும் தொண்டு செய்துவிட்டதாக நான் எண்ணவில்லை. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. டில்லியின் பதர்ப்பூர் அனல் மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. இன்று நம் விளக்குக்காக வேறெங்கோ ஓர் ஊரில் புகை எழுகிறது. புகைக்குழாய் இல்லாத வண்டி நம் தெருவைக் காக்கிறது. அவ்வூரைக் காப்பது இன்னும் நடக்க வேண்டிய வேலை. 2025 குளிர்காலத்திலும் புகை வந்தது, கட்டுப்பாடும் வந்தது. அப்பாவின் மூச்சு எளிதாகிவிடவில்லை. இருமுறை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. இருமுறையும் வண்டி கீழே ஆயத்தமாக நின்றது. ஒரு குடும்பம் ஒரு வண்டியிடம் இதற்கு மேல் என்ன கேட்கலாம்?

வாங்க எண்ணும் அன்பர்கள் கேள்விகளை இந்த வரிசையில் கேட்பது நலம். இரவில் வண்டி நிற்க உறுதியான இடமும், அங்கே மின்சாரமும் உண்டா? வாடகை வீடாயின், வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? இவ்விரண்டும் இல்லையேல் இப்போதைக்குக் காத்திருங்கள். உண்டாயின், ஒரு மாதம் குறிப்பேட்டில் தூரத்தை எழுதுங்கள். வீட்டில் மூத்தவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள். விற்பனையாளரோ விலையிலிருந்துதான் தொடங்குவார். நாம் நம் வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.