ஆசிரியரும் படிக்க வேண்டும்

பாடக்குறிப்பு எழுதுவது நாளைய வகுப்புக்கு. படிப்பது நமக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் படிப்புதான் காணாமல் போகும். எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, விடைத்தாள் திருத்தம், தேர்தல் பணி என்று ஆசிரியரின் நாளைப் பங்குபோட ஆயிரம் வேலைகள் உண்டு.

என் ஏற்பாடு எளிமையானது. காலையில் வீடு எழுவதற்கு முன் அரைமணி நேரம், அலைபேசி அடுத்த அறையில். வியாழன் வரை என் பாடமான அறிவியல். வெள்ளியும் சனியும் கல்வி நூல்கள்: கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு', ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' போன்றவை. ஞாயிறு விடுமுறை.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து நாலு வரி எழுதுவேன். சில நாள் கழித்து அதையே மறுபடி எழுதிப் பார்ப்பேன். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து, 1885-இல் வெளியிட்ட நூலில் சொன்னதுதான்: கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்கும். பிள்ளைகளிடம் "படிச்சதை எழுதிப் பாருங்கடா" என்கிறோம். அந்த விதி நமக்கும்தானே?

பலன் வகுப்பில் தெரிகிறது. "வானம் நீலம்னா, சாயங்காலம் ஏன் சார் சிவக்குது?" என்று ஒருவன் கேட்டால், 'அது சிலபஸ்ல இல்லை' என்று தப்பிக்க வேண்டியதில்லை. மாலை ஒளி காற்றில் நெடுந்தூரம் வருவதையும், வழியிலேயே நீலம் சிதறிப்போவதையும் நிதானமாகப் பேச முடிகிறது.

காசு ஒரு தடையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நிறைய நூல்கள் இலவசம்.

ஆசிரிய நண்பர்களே, தினம் பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.