பக்கத்து ஊரில் படித்த பொருளியல்



நான் 2022-ல் +2 முடித்தவள். இப்போது மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது டீச்சர், "சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா" என்றார்கள். +2 முடித்ததும் அடுத்து எங்கே போவது என்ற குழப்பம் உங்களுக்கும் வரும். அதனால் என் கதையை எழுதுகிறேன்.

நான் பொருளியல் எடுத்தபோது சொந்தக்காரர்கள், "மார்க் வராதவங்க எடுக்குற குரூப் ஆச்சே!" என்று சிரித்தார்கள். எனக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்க அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். பின்னின சரத்துக்குத்தான் கூலி. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் தடை போட்டது. தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மா வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அந்த வழக்கு 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் போடப்பட்டது என்று பிறகு தெரிந்தது. அந்தக் குழந்தைகளுக்கும் நல்ல காற்று வேணும். எங்க வீட்டிலும் உலை கொதிக்கணும். ரெண்டும் நியாயம்தானே? இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்கிற படிப்பு எது என்று தேடினேன். அதுதான் பொருளியல்.

+2 முடித்ததும் சென்னையில் படிக்க ஆசை. ஹாஸ்டல் செலவைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். சிவகாசியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ் வழியில் சேர்ந்தேன். தினமும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியதும் மாதம் 1,000 ரூபாய் வந்தது. அப்போ செலவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

சேருவதற்கு முன் ஒருநாள் ராத்திரி அம்மா விரல் விட்டு எண்ணினார். "வாரத்துக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவு... நீ மூணு வருஷம் கம்பெனிக்குப் போனா வீட்டுக் கடன் அடைஞ்சிரும் தாயி." எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, நீ படி. நான் பாத்துக்கிறேன்" என்றார். முதல் பருவத்தில் 'வாய்ப்புச் செலவு' பாடம் நடந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் விட்டுக்கொடுக்கும் அடுத்த நல்ல வாய்ப்புதான் அதன் உண்மையான செலவு என்றார் சார். எனக்கு அம்மாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நான் இலவசமாகப் படிக்கவில்லை.

அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களில் கணக்கெடுக்கச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வந்தார்கள். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு கிராமம் நம்ம பக்கத்து வடமலாபுரம்! 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போய் எது மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகம் பாடம் தேடி நம்ம ஊருக்கு வந்திருக்கிறது. நாமோ நம்ம ஊரில் என்ன இருக்கிறது என்கிறோம்.

மதுரையில் முதல் மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டேன். எல்லாமே இங்கிலீஷ். 'எலாஸ்டிசிட்டி' என்று கரும்பலகையில் எழுதினால், அது நான் படித்த 'தேவை நெகிழ்ச்சி' என்று புரியவே நேரமானது. ஒரு நோட்டில் இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

ஒருநாள் பேராசிரியர் உதாரணம் கேட்டார். நான் எழுந்து தீப்பெட்டியைச் சொன்னேன். 14 வருஷமாக 1 ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ் விலையெல்லாம் ஏறிவிட்டது. குச்சியை 36-லிருந்து 50 ஆக்குவதாகச் சொன்னார்கள். அப்படியென்றால் ஒரு குச்சிக்கு சுமார் 2.8 பைசாவிலிருந்து 4 பைசா. பெட்டிக்கு 100 சதவீதம், குச்சிக்குச் சுமார் 44 சதவீதம்தான் உயர்வு. "விலை ஏறினதுக்காக யாரும் அடுப்புப் பத்த வைக்காம இருக்க மாட்டாங்க சார்" என்றேன். "லைட்டர் வந்தால்?" என்று கேட்டார். "அதனாலதான் 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியைத் தடை செஞ்சாங்க சார்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எங்க சித்தி தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவர். அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான் இதில் பாதி.

தம்பி, தங்கைகளே! முதலில் பக்கத்துக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம் என்று போவது குறைவு இல்லை. அந்த மூன்று வருஷம் நான் வீட்டில் இருந்ததால்தான் பாடத்தில் படித்ததைச் சாயங்காலம் அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்க முடிந்தது. ஆனால் ஒன்று, இங்கிலீஷை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். நான் அதைத் தள்ளிப்போட்டு அவதிப்பட்டேன்.

வீட்டுக் கடன் இன்னும் அடையவில்லை. அந்தக் கணக்கு என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் சம்பளம் வந்ததும் அதைத்தான் அடிக்கப் போகிறேன்.

– முன்னாள் மாணவி, எம். புதுப்பட்டி