ஒரே பிரேக், இரண்டு எண்ணெய்

மலைச் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறைகளில் இரண்டு புட்டிகளைத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். ஒன்றின் மேல் 'டாட்' என்று எழுதி, பக்கத்தில் 4 அல்லது 5.1 என்று ஓர் எண் இருக்கும். மற்றதன் மேல் 'மினரல் ஆயில்'. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கைப்பிடியில் ஒரு விரல் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கும் காலிப்பர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆனால் ஒன்றுக்கு உரிய பிரேக்கில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும், பிஸ்டன் மாட்டிக்கொள்ளும், கடைசியில் பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். ஒன்றுக்குப் பயன்படுத்திய சிரிஞ்சைக்கூட மற்றதற்கு எடுக்கக் கூடாது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் காற்று எடுக்கக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் இந்த எச்சரிக்கைதான் முதல் பாடம். காரணத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே வேலைக்கு, ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு திரவங்கள் எப்படி வந்து சேர்ந்தன? சைக்கிள் பிரேக்குகளின் சர்வீஸ் புத்தகங்களில்தான் தேடத் தொடங்கினேன். தேடல் அங்கே நிற்கவில்லை. மோட்டார் கார்களின் தொடக்க காலத்துக்கும், அங்கிருந்து ரப்பரின் வேதியியலுக்கும் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் காற்றின் கதை. மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. அதைப் பற்றிய அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் அச்சானது. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அந்த விதியை வைத்தே ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனைத் தள்ளினால் பெரிய பிஸ்டன் பல மடங்கு விசையோடு நகரும். சைக்கிள் பிரேக்கின் லீவரிலும் காலிப்பரிலும் நடப்பது இதுதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: உள்ளே இருப்பது சுருங்கக் கூடாது. லீவரை இறுக்கிப் பிடித்தால் ஹோஸுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐம்பது மடங்கைத் தாண்டிவிடும். எண்ணெய் அப்போதும் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. காற்றுக்குமிழியோ ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விரல் செய்த வேலையெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிட, பேடுகள் டிஸ்க்கைத் தொடுவதற்குள் லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வந்துவிடும். ஹோஸை அளவுக்கு வெட்டி மாட்டும்போது காற்று நுழையலாம். பேடுகள் தேயத் தேய லீவர் தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கி, அங்கிருந்தும் காற்று உள்ளே போகலாம்.

அதை வெளியேற்றும் முறை எளிமையானது. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்கில், சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றிவிட்டு, பேட் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருக வேண்டும். லீவரைத் தரைக்கு மட்டமாகத் திருப்பி, அதன் மேல் வாயில் ஒரு புனலைப் பொருத்த வேண்டும். கீழே காலிப்பரின் நிப்பிளில் சிரிஞ்சை மாட்டி எண்ணெயை மேல்நோக்கித் தள்ளினால், காற்று அதோடு ஏறிவந்து புனலில் குமிழ்களாக வெளியேறும். ஹோஸை விரலால் சுண்டினால் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களும் கிளம்பிவிடும். ஸ்ராம் நிறுவனத்தின் டாட் பிரேக்குகளில் இரண்டு முனையிலும் சிரிஞ்ச். அங்கே ஒரு கூடுதல் வேலையும் உண்டு. பிரேக்கில் ஏற்றும் முன் சிரிஞ்சின் வாயை அடைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தவுடன் திரவத்தில் கரைந்திருந்த காற்று பொடிப்பொடிக் குமிழ்களாகப் பிரிந்து வரும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தெளிந்து நின்ற திரவத்துக்குள் இவ்வளவு காற்றா என்று ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கும்.

காற்றை விரட்டிவிட்டாலும் இன்னோர் எதிரி மிச்சம்: சூடு. மலைச் சைக்கிளுக்கும் பிரேக் சூட்டுக்கும் உள்ள பகை அந்த விளையாட்டின் பிறப்பிலேயே தொடங்கியது.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி இருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரை ஒட்டி, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்சாலை ஒன்று மூன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்குகிறது. 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லியும் அவருடைய நண்பர்களும் அதில் முதல் இறக்கப் பந்தயத்தை நடத்தினார்கள். பெரும்பாலும் 1930களிலும் 40களிலும் செய்த கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே உராய்ந்து நிறுத்தும் கோஸ்டர் பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப் காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். மறுபடி இறங்க வேண்டுமென்றால் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையை வைத்தே பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. அதை 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியவர் கேரி ஃபிஷர். மலைச் சைக்கிளைத் தொழிலாக வளர்த்தவர்களில் ஒருவர். அந்த வேகத்தை அங்கே வேறு யாரும் முறியடிக்கவில்லை.

அந்தப் புகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 390 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் எதிர்ப்பு ஒரு பகுதியைத் தின்றுவிட்டாலும், மிச்சத்தில் பெரும்பங்கு அந்த ஒற்றை ஹப்புக்குள்தான் இறங்கியிருக்கிறது.

இந்தச் சூட்டுக்குத் தீர்வான ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏற்கெனவே இருந்தது. அதன் ஹைட்ராலிக் பாதி இன்னும் பழையது. 1917-இல் அமெரிக்கர் மால்கம் லாக்ஹெட் காருக்கான ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். விமானக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த அதே குடும்பம். 1921-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்பி டூசன்பர்க் காரை ஓட்டி வென்றார். அதன் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக். உள்ளே ஓடியது தண்ணீரும் கிளிசரினும் கலந்த திரவம். அந்தக் கால லாக்ஹெட் பிரேக்குகளில் பிஸ்டனைச் சுற்றித் திரவம் கசியாமல் தடுத்தவை பதப்படுத்தாத தோலில் செய்த கிண்ணங்கள். அவை ஒழுகின. 1924-இல் கிரைஸ்லர் தன் முதல் காரை வெளியிட்டபோது அதன் பொறியாளர்கள் தோலுக்குப் பதிலாக ரப்பர் கிண்ணங்களை வைத்தார்கள். ஒழுக்கு நின்றது.

நான் தேடிய விடை இங்கே, இந்த ரப்பர் கிண்ணத்தில் இருந்தது. அன்று கையில் இருந்தது மரத்திலிருந்து வடித்த இயற்கை ரப்பர்தான். பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த எண்ணெய் பட்டாலும் அது ஊதிப் பருத்துவிடும். ஆகவே இயந்திரங்களில் எங்கும் புழங்கிய மினரல் எண்ணெயைப் பிரேக்கில் ஊற்ற வழியே இல்லை. ரப்பரைக் கெடுக்காத, உயவும் தரக்கூடிய வேறு எண்ணெய் வேண்டும். அதற்குக் கிடைத்தது விளக்கெண்ணெய். கெட்டியான விளக்கெண்ணெயை ஆல்கஹால் சேர்த்து இளக்கித்தான் அந்தக் காலத்துப் பிரேக் திரவம் செய்தார்கள். நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய் அமெரிக்கக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தது என்பது இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி.

பிரேக்குகள் அதிகம் சூடாகத் தொடங்கியபோது ஆல்கஹால் சீக்கிரம் கொதித்துவிட்டது. அந்த இடத்துக்குக் கிளைகால் வகைத் திரவங்கள் வந்தன. அவையும் ரப்பரோடு ஒத்துப்போயின. இன்றைய டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் அந்தக் குடும்பம்தான். 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அதன் தரவிதிப்படி டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 5.1 என்றால் 260. (இடையில் இருக்கும் டாட் 5 சிலிக்கோன் வகை, பெயர் நெருங்கியிருந்தாலும் உறவு கிடையாது.)

கிளைகாலுக்கு ஒரு குணம் உண்டு: சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 4-க்குக் கேட்கப்படும் கொதிநிலை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் காலிப்பர் சூடேறி, திரவம் கொதித்து ஆவியானால் அந்த ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். லீவரைப் பிடித்திருக்கும் வரை உள்ளே இருக்கும் அழுத்தம் கொதிப்பை ஓரளவு தடுக்கும். விரலை எடுத்தவுடன் அழுத்தம் விழும், அப்போது கொதிக்கும். அடுத்த வளைவில் லீவரைப் பிடித்தால் பிரேக் இருக்காது.

ஈரத்தை உறிஞ்சும் திரவத்தோடு மல்லுக்கட்டி அலுத்தவர்களில் பிரான்சின் சித்ரோயன் நிறுவனமும் உண்டு. 1955-இல் வந்த அதன் டிஎஸ் காரில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் ஹைட்ராலிக். உறிஞ்சிய ஈரம் உள்ளே துருவை உண்டாக்கியது. 1966-இல் நிறுவனம் பச்சை நிற மினரல் திரவத்துக்கு மாறியது. சீல்களையும் அதற்கேற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. எண்ணெய்க்கு ஊதாத நைட்ரைல் ரப்பர் 1930களிலேயே ஜெர்மனியில் பிறந்திருந்ததால் அது நடக்கக்கூடிய காரியமாயிற்று. இரண்டு எண்ணெய்களின் பிரிவு உண்மையில் இரண்டு ரப்பர்களின் பிரிவு. இன்றைக்கும் டாட் பிரேக்கின் சீல்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அதற்கு மினரல் எண்ணெய் ஆகாது. மினரல் பிரேக்கில் இருப்பது நைட்ரைல் வகை. அதற்குக் கிளைகால் ஆகாது.

சைக்கிளுக்கு இந்த இரண்டு வழிகளும் தனித்தனியாக வந்து சேர்ந்தன. ஜெர்மனியின் பாட் உராக் ஊரில் 1893-இல் குஸ்டாவ் மாகன்விர்த் தொடங்கிய நிறுவனம் மகுரா. மோட்டார் சைக்கிள் லீவர்களில் பெயர் எடுத்திருந்த அது, 1987-இல் சைக்கிள் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கைக் கொண்டுவந்தது. டிஸ்க் அதற்குப் பிறகுதான். அந்தப் பிரேக்கில் மினரல் எண்ணெய். இன்றும் மகுரா எண்ணெய் நீல நிறம். ஷிமானோவும் மினரல் பக்கமே வந்தது.

மறுபக்கம், இங்கிலாந்தில் லங்காஷயரின் பார்னால்ட்ஸ்விக் ஊரில் 1989-இல் இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய ஹோப், அமெரிக்காவில் விஸ்கான்சினின் ஹேய்ஸ் போன்றவை. 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்தபின் மோட்டார் சைக்கிள் உலகில் டிஸ்க் பிரேக் என்றால் கார்களின் பிரேக் திரவம்தான் என்று ஆகியிருந்தது. ஹோப்பும் ஹேய்ஸும் அந்த வழியில் போனதால் அவர்கள் பிரேக்கில் டாட். அவிட் நிறுவனமும் டாட். 2004-இல் அதை வாங்கிய ஸ்ராமும் டாட்.

எது நல்லது என்ற சண்டை ஓட்டுநர்களிடையே ஓய்வதில்லை. மினரல் எண்ணெய் தோலைப் புண்ணாக்காது, பெயின்ட்டை உரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் சீல் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைந்துவிட்டால் அது கலக்காமல் தனியாகவே நிற்கும். கனம் அதிகம் என்பதால் கீழே இறங்கிக் காலிப்பரில் போய்த் தங்கும். பிரேக்கில் மிகச் சூடான இடம் அதுதான், தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். டாட் திரவமோ அதே தண்ணீரைத் தனக்குள் கரைத்துப் பரப்பி, சீராக, மெல்ல மெல்லக் கெடும். அதோடு டாட்டுக்கு எழுதப்பட்ட பொதுத் தரவிதி இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினாலும் கொதிநிலை தெரியும். சைக்கிள் மினரல் எண்ணெய்க்கு அப்படி ஒரு பொது விதி இல்லாததால் ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணெயை மட்டுமே ஊற்றச் சொல்கிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் போக்கு மினரல் பக்கமே சாய்கிறது. ஸ்ராம் 2022-இல் டிபி8 என்ற பிரேக்கை மினரல் எண்ணெயோடு வெளியிட்டது. 2024-இல் செங்குத்து இறக்கங்களுக்கான தன் மிக வலிமையான மேவன் பிரேக்குக்கும் அதையே தேர்ந்தெடுத்தது. வீட்டில் தானே காற்று எடுத்துக்கொள்ள நினைக்கும் ஆட்களுக்கு இது நல்ல செய்தி என்றே சொல்வேன். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்ற எண்ணெய், வேலைக்குப் பயப்படுகிறவரையும் முயன்றுபார்க்க வைக்கும்.

உங்கள் பிரேக்கில் எது என்பதை லீவர் தொட்டியின் மூடியிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள். டாட் என்றால் லீவர் இறுக்கமாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரவத்தை மாற்றிவிடுங்கள். உறிஞ்சிய ஈரம் விரலுக்குத் தெரியாது. வேலை செய்யும்போது பேடுகளையும் டிஸ்க்கையும் எட்டத்தில் வையுங்கள், எண்ணெய் குடித்த பேடை மறுபடி நம்ப முடியாது. முடிந்ததும் காலிப்பரையும் லீவரையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சைக்கிளை எடுப்பதற்கு முன் லீவரை நன்றாக அழுத்திப் பிடித்து எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய திரவம் எந்த வகையானாலும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துப்போகும் ஆட்களிடம் எது எது என்று சொல்லிக் கொடுங்கள்.