எபெட்ஸ் ஃபீல்ட்: சுவடற்ற மைதானம்

நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், பெட்ஃபோர்டு அவென்யூவை ஒட்டி இன்று நிற்பவை உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகளே. 1913 முதல் 1957 வரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணி ஆடிய எபெட்ஸ் ஃபீல்டின் தூணோ சுவரோ அங்கே எஞ்சவில்லை.

அணியின் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ், குப்பைமேடும் குடிசைகளுமாகக் கிடந்து ‘பிக்டவுன்’ (பன்றியூர்) என ஏளனமாக அழைக்கப்பட்ட நிலத்தைத் துண்டு துண்டாக, ஓசையின்றி வாங்கிச் சேர்த்து இதை எழுப்பினார். நுழைவாயிலில் இத்தாலியப் பளிங்கு பதித்த வட்டக்கூடம் அமைந்திருந்தது. அதன் தரையில் பேஸ்பால் பந்தின் தையல் வடிவம் இழைக்கப்பட்டிருக்க, மேலே தொங்கிய சரவிளக்கின் கைகள் மட்டைகளாகவும் குமிழ்கள் பந்துகளாகவும் வடிக்கப்பட்டிருந்தன. இத்தனை ஒப்பனைக்குப் பின்னால் இருந்த ஆடுகளமோ சிறியது. தெருக்கள் நெருக்கியதால் வலப்புற எல்லை ஏறத்தாழ 297 அடியிலேயே முடிந்துவிட, அங்கிருந்த சுவரையும் அதன் மேல் கட்டிய வலையையும் தாண்டிய பந்து பெட்ஃபோர்டு அவென்யூவில் போய் விழுந்தது. சுமார் 32,000 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கில், ஆட்டக்காரரின் முகம் பார்வையாளருக்குத் தெரிந்தது. பார்வையாளரின் வசவும், ஹில்டா செஸ்டர் என்ற ரசிகை குலுக்கிய மாட்டுமணியும் ஆட்டக்காரருக்குக் கேட்டன. இருபதாம் நூற்றாண்டின் மேஜர் லீக்கில் முதல் கறுப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கியது இந்த நெருக்கத்துக்கு நடுவில்தான்.

நெருக்கமே பின்னர் வினையாயிற்று. தெருவில் ஓடிய டிராம்களுக்கு விலகி ஓடுபவர்கள் என்ற பொருளில் ‘டாட்ஜர்ஸ்’ எனப் பெயர்பெற்ற அணிக்கு, டிராமிலும் சுரங்க ரயிலிலும் வரும் கூட்டம் இருந்தவரை குறையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசிகர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்து கார் வாங்கியபோது, மைதானத்தில் சுமார் 700 கார்களுக்கே இடமிருந்தது. அப்போதைய உரிமையாளர் வால்டர் ஓ’மாலி, புரூக்ளினிலேயே அட்லாண்டிக் அவென்யூ அருகே புதிய அரங்கம் கட்ட இடம் கோரினார். நகர நிர்மாணத்தில் பெரும் அதிகாரம் பெற்றிருந்த ராபர்ட் மோசஸ் அதை மறுத்து, குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங் மெடோஸைச் சுட்டிக்காட்டினார். ஓ’மாலியோ அதை ஏற்காமல் அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனார். புரூக்ளின்வாசிகளின் சாபம் பெரும்பாலும் ஓ’மாலியின் தலையிலேயே விழுந்தது. மோசஸ் எளிதில் தப்பிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

1957 செப்டம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 6,702 பேர்தாம். பின்னாளில் கண்ணீர் சிந்தியோரின் எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு. 1960 பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியபோது, சுவர்களை மோதித் தகர்க்கும் இரும்புக்குண்டுக்கும் பேஸ்பால் பந்தைப் போலவே வண்ணம் பூசியிருந்தார்கள்.

ஓ’மாலி வேண்டாமென்று ஒதுக்கிய அதே ஃப்ளஷிங் மெடோஸில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 2009இல் திறக்கப்பட்ட சிட்டி ஃபீல்டின் முகப்பும் வட்டக்கூடமும் எபெட்ஸ் ஃபீல்டைப் பார்த்துக் கட்டப்பட்டவை; அக்கூடத்துக்கு ஜாக்கி ராபின்சனின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.