பொறையும் பொறுமையும்

மௌத்தான வீட்டிலும், நோயாளியின் கட்டிலருகிலும், வாணிபம் நொடித்துப்போனவரின் திண்ணையிலும் நம் சமுதாயத்தார் நாவில் முதலில் வரும் சொல் ‘ஸபூர்’ என்பதே. “ஸபூர் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரை அருந்திவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அச்சொல்லின் பொருள் யாது என்று நின்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. அரபியில் ‘ஸப்ர்’ என்பதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டுக்குள் வைத்தல் என்பதாகும். துன்பம் வந்த வேளையில் நாவையும் கையையும் நெஞ்சையும் சிதறவிடாமல் பிடித்து நிறுத்துவதே ஸப்ர். அதற்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச் சொல்லும் அழகானதுதான். பழந்தமிழில் ‘பொறை’ என்றால் பொறுமை. ‘பொறை’ என்றாலே சுமையும் ஆகும். தலையில் சுமை ஏற்றியவன் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

இதனை நான் அகராதியில் மட்டும் கற்றேனல்லேன். 19 ஆண்டுகளாக ஒரு சிற்றூரின் மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறேன். ஃபஜ்ருக்குப் பின் ஒரு வகுப்பு, மக்ரிபுக்குப் பின் ஒரு வகுப்பு. ஓடு வேய்ந்த கூடம். ஒட்டினாற்போல் பேருந்துச் சாலை. அறுபது பிள்ளைகளின் ஓசைக்கும் பேருந்தின் ஓசைக்கும் மேலே எழுந்து ஒலிக்க வேண்டியது உஸ்தாதின் குரல். அவருடைய முதலீடும் அதுவே. அந்தக் குரல் மூன்றாண்டுகளுக்கு முன் கம்மத் தொடங்கியது. கஷாயம், தேன், மிளகு, பனங்கற்கண்டு என்று ஊரார் சொன்ன அத்தனையும் உள்ளே சென்றன. குரல் மட்டும் வெளியே வரவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, என் குரல் நாண்களை எனக்கே திரையில் காட்டினார். இரு நாண்களிலும் நேருக்கு நேராக வெண்மையான இரு சிறு தடிப்புகள். மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதைப் போன்றதுதான் இதுவும்; ஓயாமல் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வருவது; புற்று அன்று, அஞ்ச வேண்டா என்றார். தடிப்பின் காரணமாக நாண்கள் முழுமையாகப் பொருந்துவதில்லை. இடையே காற்றுக் கசிகிறது. ஆகவே குரல் கம்முகிறது. பத்து நாள் முழு மௌனம், பிறகு குரல் பயிற்சியோடு சிறுகச் சிறுகப் பேச்சு, சில மாதங்களுக்கு உரத்து ஓதவே கூடாது என்பது அவர் கட்டளை. கிசுகிசுப்பதற்கும் தடை. அதுவும் நாண்களை வருத்துமாம்.

வாய் திறவாத உஸ்தாதுக்கு ஊதியம் எதற்கு என்று ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வோர் இரவும் அந்தக் கேள்வி எழுந்தது. என் மனைவி வாயால் கேட்பார்; நான் மகளின் பழைய கணக்கு நோட்டில் விடை எழுதுவேன். விடை என்ன, அதுவும் கேள்விதான். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் நல்லவர்கள். “எல்லாம் நன்மைக்கே ஹஜ்ரத்” என்றார்கள். “தனக்குப் பிரியமானவரைத்தான் அல்லாஹ் சோதிப்பான்” என்றார்கள். பிள்ளைகளுக்கு நானே பலமுறை சொல்லிக்கொடுத்த செய்திதான். இருந்தும் எனக்கு ஒன்று தோன்றிற்று. இவ்வார்த்தையைத் துன்பப்படுபவர் தாமாகச் சொன்னால் அது ஈமான். நலமாயிருப்பவர் துன்பப்படுபவரிடம் சொல்லும்போது அது பெரும்பாலும் விடைபெறும் சொல்லாக ஆகிவிடுகிறது. கி.பி. 629இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனா வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஜஃபரின் குடும்பத்தார் துயரில் மூழ்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று பணித்தார்கள். கி.பி. 632இல் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் வடித்தன. அழுகை பொறுமைக்கு எதிரி அன்று. அவ்வாறே, துன்பம் வேண்டும் என்று கேட்பதும் பொறுமை அன்று. நலவாழ்வை, ஆஃபியத்தைக் கேளுங்கள் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது.

ஆகவே, ‘குரல் போனது நல்லதாயிற்று’ என்று நான் எழுதப் போவதில்லை. குரல் போன இடத்தில் என்ன மீதமிருந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

காது மீதமிருந்தது, கை மீதமிருந்தது. கரும்பலகையில் வாயின் குறுக்குத் தோற்றத்தைப் படமாக வரைந்தேன். அரபு எழுத்துகளுக்குரிய பிறப்பிடங்கள் பதினேழு என்பது தஜ்வீத் கலையில் பெரிதும் வழங்கும் கணக்கு. தொண்டையில் மூன்று இடங்கள். அவற்றில் பிறப்பவை ஆறு எழுத்துகள். நாவின் பகுதிகளில் மட்டும் பத்து இடங்கள். உதட்டில், மூக்கில், வாயின் வெற்றிடத்தில் எஞ்சியவை. இவற்றையெல்லாம் நாங்கள் செவிவழியாகவே கற்றோம். செவிவழியாகவே கற்பித்தும் வந்தோம். இப்போது படமாக வரைய வேண்டி வந்ததும், கல்லூரியில் தமிழ் இளங்கலையில் படித்த தொல்காப்பியத்தின் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று அந்த ஆசிரியரும் இதே வாய்க்குள்தான் உலவியிருக்கிறார்! என்னிடம் இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு கல்விகள் அன்று கரும்பலகையில் சந்தித்துக்கொண்டன.

நம் பிள்ளைகளுக்கு இடறும் இடங்களும் படத்தில் தெளிவாயின. தமிழில் எழுதும்போது ஸா, ஸீன், ஸாத் மூன்றையும் ‘ஸ’ என்ற ஓரெழுத்தில் அடக்கிவிடுகிறோம். பிள்ளையின் நாவும் ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறது. ஸாவுக்கு நாநுனி மேற்பல்லின் விளிம்பைத் தொட வேண்டும். ஸீனுக்கு நாநுனி கீழ்ப்பல்லை அண்டிநிற்கச் சீழ்க்கைபோல் காற்று வர வேண்டும். ஸாத்துக்கு அதே நிலையில் நாவின் அடி உயர்ந்து வாய் நிறைய வேண்டும். ளாத் எழுத்து இன்னும் கடினம். ரமளான், உளூ, பர்ளு என்று நம் முன்னோர் அதற்கு ‘ள’கரத்தை இட்டது, நாவின் பக்கத்தைத் தேடிய முயற்சியாகவே எனக்குப் படுகிறது. இதில் மாற்றுக் கருத்துடையோரும் இருப்பர், இருக்கட்டும்.

சிறுகோலால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் பிழை. நிறுத்திப் படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டினால் சரி, மேலே ஓதலாம். மூத்த மாணவர்கள் நால்வர் சிறியவர்களுக்கு முன்னின்று ஓதிக்காட்டினர். முதல் வாரம் ஒரே சிரிப்பு. இரண்டாம் வாரம் கூடத்தில் ஓசை குறைந்தது. உஸ்தாத் உரத்துப் பேசாத இடத்தில் பிள்ளைகளுக்கும் உரத்துப் பேசத் தேவையிருக்கவில்லை போலும்.

அவர்களுள் திக்குவாய் உடைய சிறுவன் ஒருவன். கூட்டாக ஓதும்போது தெளிவாக ஓதுவான். தனியே ஓதச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். திக்குவாய் உடையோர் பலருக்கும் இத்தன்மை உண்டு. பிறரோடு சேர்ந்து சொல்லும்போதும், தாளத்துக்கு இசையச் சொல்லும்போதும் தடை பெரிதும் குறையும். கோல் தட்டும் வழக்கம் வந்தபின் அவன் முறை வரும்போது நான் சீராகத் தட்டத் தொடங்கினேன். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவன் ஓதினான். திக்கல் நீங்கிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும்; இன்றும் கடையில் பொருள் கேட்கத் திணறுகிறான். ஆனால் தனியே ஓதுகிறான். பேச முடியாத உஸ்தாதின் முன்னே பேச முடியாத பிள்ளைக்கு வெட்கம் குறைவாக இருந்திருக்கலாம். நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு இறைஞ்சினார்கள். அதே மூச்சில் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் வேண்டினார்கள். குறையை ஏற்றுக்கொள்வதும் துணை தேடுவதும் அங்கே ஒரே துஆவாக அமைந்துவிட்டன.

மௌனமாயிருந்த நாள்களில் நான் அடிக்கடி எண்ணியது இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர். ‘ஷம்ஸுல் அயிம்மா’, இமாம்களின் சூரியன் என்று போற்றப்பட்டவர். ஆட்சியாளருக்குப் பிடிக்காத ஒன்றை அறிவுரையாகச் சொன்னார் என்பதற்காக உஸ்ஜந்த் நகரில் சிறை வைக்கப்பட்டார். அந்நகர் இன்றைய கிர்கிஸ்தான் நாட்டில் உஸ்கன் என்ற பெயரில் உள்ளது. சிறை என்றால் அறையும் அன்று. பள்ளம், கிணறு போன்றது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆண்டுகள் பல அவ்வாறே கழிந்தன. கையில் ஒரு நூல் இல்லை. மாணவர்கள் வந்து பள்ளத்தின் விளிம்பில் அமர்ந்தார்கள். அவர் உள்ளிருந்து நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, மேலிருந்தவர்கள் எழுதினார்கள். அவ்வாறு உருவானதுதான் ‘அல்மப்ஸூத்’. அச்சில் முப்பது பாகங்கள். இன்றளவும் ஹனஃபி சட்ட ஆய்வில் அதைத் தவிர்த்துச் செல்ல இயலாது. தொழுகை, வாணிபம், வழக்கு, வாரிசுரிமை என்று விரிந்து செல்லும் அந்நூலில் ஆங்காங்கே ஓர் அத்தியாயத்தை முடிக்கும்போது, இது சிறைப்பட்டவன் சொல்ல எழுதப்பட்டது என்ற பொருள்படத் தம் நிலையையும் குறித்துச் செல்கிறார். அவ்வரிகளைக் காணும்போது நெஞ்சு நெகிழும். அவர் துயரை மறைக்கவும் இல்லை, அதன் பொருட்டுப் பாடத்தை நிறுத்தவும் இல்லை.

இந்த வரலாற்றைச் சொல்லும் நம் சொற்பொழிவாளர்கள் பள்ளத்துக்குள் இருந்தவரையே புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். மேலே அமர்ந்து எழுதியவர்கள் எங்கே? வெயிலிலும் குளிரிலும் வந்து, குனிந்து கேட்டு, தாளும் மையும் கொணர்ந்து எழுதிய அவர்கள் இல்லையேல் அந்த இமாமின் பொறுமை பள்ளத்தோடு மறைந்திருக்கும். நம் ஊர்ச் சாலையோரங்களில் அக்காலத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பிறர் துணையின்றி வழிப்போக்கன் சுமையை இறக்கி வைத்து, மீண்டும் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள உதவும் கல் அது. சுமப்பவனின் வலிமையை மெச்சிக்கொண்டே கல் நடாதிருந்த ஊர் எதற்கு?

இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணிடம் போய் “ஸபூர் செய்யம்மா” என்கிறோம். அவளுக்குச் சேர வேண்டிய ஜகாத் நம் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் கணவரின் சொத்தில் அவளுக்குரிய பங்கு அண்ணன் தம்பிமாரின் கையில் இருக்கிறது. அவளுடைய வறுமையில் எவ்வளவு இறைவனின் சோதனை, எவ்வளவு நம்முடைய அநீதி என்று கணக்குப் பார்க்காமல் அந்தச் சொல்லை எடுக்க நமக்கு உரிமை இல்லை. இமாம் ஸரக்ஸீயின் நூல் உயர்ந்தது. அதனால் அவரைச் சிறையிலிட்டவன் செய்தது நியாயம் ஆகிவிடாது.

மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு முரண் என்று எண்ணி நோயை முற்றவிடுவோரும் நம்மிடையே உளர். ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்ஃக் என்ற இடம்வரை சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களுடன் கலந்து ஆலோசித்துப் படையுடன் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். மருத்துவரிடம் செல்லும் பாதையும் அவன் வகுத்ததே. என்போன்ற உஸ்தாதுமார்களுக்கு ஒன்று சொல்வேன்: குரல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் கம்மியிருந்தால் நாள் கடத்தாதீர்கள். பாடத்தின் நடுவே அடிக்கடி தண்ணீர் அருந்துங்கள். கூடம் பெரிதாயின் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை நிர்வாகத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள். எனக்கு அதனை வாங்கித் தந்தவர் வெளிநாட்டில் ஓட்டுநராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர்.

ஏழெட்டு மாதங்களில் குரல் திரும்பியது, அல்ஹம்து லில்லாஹ். முன்போல் அன்று, உச்சத்துக்குப் போகாது, நீண்ட அத்தியாயங்களில் இடையிலேயே களைத்துவிடும். ரமளானில் தராவீஹை இப்போது இளைஞர் ஒருவர் நடத்துகிறார். நான் இரண்டாம் வரிசையில் நின்று கேட்கிறேன். வாய்ப்படம் கரும்பலகையிலிருந்து சுவருக்கு மாறி, வண்ணமும் பூசப்பட்டுவிட்டது. வியாழக்கிழமைப் பாடத்தை மட்டும் இன்றும் கோலை வைத்துக்கொண்டு வாய் திறவாமலே நடத்துகிறேன். பிள்ளைகள் அதற்கு ‘ஊமைப் பாடம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். வாரத்தில் வருகை அதிகம் அன்றைக்குத்தான்.