நிலைக்கும் பணியும் கலந்தெண்ணும் கல்வியும்

ஒரு கருமத்தைத் தொடங்குவோன், அதனால் அழிவது யாது, ஆவது யாது, ஆகியபின் தொடர்ந்து வரும் பயன் யாது என்னும் மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் எனத் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தின் முகப்பிலேயே வள்ளுவர் கூறுகின்றார். தேர்ந்த துணைவரோடு கூடி எண்ணிச் செய்தல் வேண்டும் என்பதை அடுத்த குறளில் வற்புறுத்துகின்றார். 'நிலைபேறான அபிவிருத்தி' என இன்று பேசப்படும் பொருளின் சாரம் இவ்விரண்டினுள் அடங்கிவிடும் எனலாம். 1987ஆம் ஆண்டில் புறுண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான உலக ஆணைக்குழுவும், வருங்காலச் சந்ததியாரின் தேவைகளுக்கு ஊறு செய்யாது இன்றைய தேவைகளை நிறைவேற்றுதலே உண்மையான அபிவிருத்தி என்றது. இலங்கையில் 2017இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே, கொள்கைக்கு நம்மிடம் குறைவில்லை. அதனைக் களத்தில் நடத்திக் காட்டும் பயிற்சிக்கே குறைவு.

நான் திருகோணமலையில் புவியியல் கற்பிப்பவன். என்னிடம் பயின்றோர் சிலர் வீதி, வாய்க்கால், இறங்குதுறை, பாடசாலைக் கட்டடம் முதலிய வேலைகளை நடத்தும் திட்ட முகாமையாளர்களாக விளங்குகின்றனர். குறித்த காலத்துள், குறித்த செலவுக்குள், குறித்த தரத்தோடு வேலையை முடித்தல் வேண்டும் என்பதே அவர்கள் பெற்ற பயிற்சியின் பெரும்பகுதி. அது வேண்டிய பயிற்சியே. ஆயினும் முகாமையாளருக்குத் திறப்பு விழாவோடு வேலை முடிகின்றது. ஊராருக்கு அன்றுதான் தொடங்குகின்றது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை எமது மாவட்டத்தார் மறந்திலர். கட்டும் காலத்தினும் காக்கும் காலமே நெடிது என்பதை அதனினும் கடுமையாக எவரும் நமக்குக் கற்பிக்க முடியாது.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். கரையோரக் கிராமம் ஒன்றில் மீன் ஏலமிடும் மண்டபத்தை நாள் தவறாமற் கட்டி முடித்து நற்பெயர் பெற்றவர். "சேர், இப்போது அதில் ஆடுகள்தான் படுக்கின்றன" என்றார் வருத்தத்தோடு. காரணம் இதுதான்: வாடைக்காற்று எழுந்ததும் அவ்விடத்திற் கடல் ஏறிவிடும், தோணிகளைக் கரைக்கு இழுக்க முடியாது. மீனவர் அரை மைல் தள்ளி ஒதுங்கி, அங்கே மணலிலேயே மீனைக் கூறுபோட்டு விற்கின்றனர். இதனை முன்னரே சொல்லியிருக்கலாமே என்று முதிய சம்மாட்டியார் ஒருவரிடம் அவர் கேட்டாராம். "தம்பி, எங்களிட்ட ஒருதரும் கேக்கேல்லையே. நிலம் அளக்க வந்தவையும் கச்சான் காலத்திலதான் வந்தவை" என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அந்தச் சம்மாட்டியார் அறிந்திருந்தது சிறிய விடயமன்று. எந்த மாதத்தில் எந்தக் கரை தேயும், எங்கே மணல் சேரும், கரைவலை எங்கே இழுக்கலாம் என்பன வரைபடத்தில் இல்லாத கல்வி. அவ்வாறே எந்த மதகு முதலில் அடைபடும் என்பதை வட்டவிதானையார் அறிவார். எந்தக் கிணறு ஆவணி மாதத்தில் உவர்க்கும் என்பதை நீர் அள்ளும் பெண்கள் அறிவர். பொறியியலாளரின் கணக்கும் இவர்களின் அனுபவமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இடம் எங்கே இருக்கின்றது? அது பயிற்சிக் கூடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இது நடவாத காரியமன்று. நம் கிழக்கிலங்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் சீர்குலைந்து, கடைக்கோடி வயல்களுக்கு நீர் எட்டாத நிலை ஏற்பட்டிருந்தது. 1981இல் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைப் பயிற்றி, அவ்வூர்களிலேயே குடியிருக்கச் செய்தன. அவர்கள் வீடுவீடாகச் சென்று உழவர்களின் குறைகளைக் கேட்டனர். வாய்க்காலுக்கு ஒரு குழுவாக உழவர்கள் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்தவற்றை வெட்டித் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சத் தொடங்கினர். நீர் குறைந்திருந்த அவ்வாண்டிலேயே, தலைப்பகுதிச் சிங்கள உழவர்கள் மிச்சம் பிடித்த நீரைக் கடைப்பகுதித் தமிழ் பேசும் உழவர்களுக்கு விட்டனர். முதலில் ஐயுற்ற பொறியியலாளர்களும் பின்னர் உழவர்களோடு வாய்க்கால் வழியே நடந்து, எங்கே எதனைத் திருத்துவது என்று கலந்து முடிவு செய்தனர். அந்த நடையே அவர்களுக்குப் பயிற்சி வகுப்பாயிற்று. 1988இல் உழவரையும் சேர்த்துக்கொள்ளும் நீர்ப்பாசன முகாமையை அரசாங்கம் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

கலந்தெண்ணாமையின் விலையை அறியச் சம்பூருக்குச் சென்றாற் போதும். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் முகாம்களில் இருந்தபோதே, இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அங்கே அமைக்கத் திட்டமிட்டன. நிலத்தை இழந்தோரும், நிலக்கரிச் சாம்பலையும் கடலிற் கலக்கும் வெந்நீரையும் அஞ்சிய மீனவரும், சூழல் ஆர்வலரும் எதிர்த்தனர். 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டுகள் கழிந்தும் ஓர் அலகு மின்சாரந்தானும் பிறக்கவில்லை. பாரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துரைக்க 30 வேலை நாள்களைச் சட்டம் அளிக்கின்றது என்பது உண்மையே. எனினும் இடமும் முறையும் தீர்மானிக்கப்பட்டபின் கேட்கப்படும் கருத்து, சமைத்த கறிக்கு உப்புப் பார்ப்பதையே ஒக்கும்.

ஆகவே, எமது மாவட்டத்திலே ஒரு பயிற்சி நெறி தொடங்கப்படல் வேண்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், நீர்ப்பாசன, கடற்றொழில் திணைக்களங்கள், துறைமுக அதிகாரசபை, கமக்கார அமைப்புகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், மாதர் சங்கங்கள் ஆகியன கூடியிருந்து பாடத்திட்டத்தை வகுக்கலாம். விதைப்புக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையில் உழவரும் உத்தியோகத்தரும் கூடி நீர் திறக்கும் நாளைக் குறிக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நமக்குப் புதியதன்று. அவ்வழக்கத்தை ஏனைய வேலைகளுக்கும் விரித்தாற் போதும். பயிலுநர் ஓர் ஊரில் மாரியையும் கோடையையும் கண்டிருத்தல் வேண்டும். தமிழ், சிங்களம் இரண்டிலும் பிறர் சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்ளல் வேண்டும். இருபது ஆண்டுகளின்பின் பழுதுபார்ப்பவர் யார், பணம் எங்கிருந்து வரும் என்பதைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப் பழகுதல் வேண்டும். ஓராண்டு கழித்து ஊரார் அளிக்கும் புள்ளியும் பரீட்சையிற் சேர்தல் நன்று.

இத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும் என்று சிலர் வினவலாம். கேட்பதிற் கழியும் மாதங்கள் சம்பூர் இழந்த பத்தாண்டுகளினும் குறைவே. வரவுப் பதிவேட்டிற் கையொப்பம், தேநீர், ஒரு நிழற்படம் இவற்றோடு முடியும் கூட்டத்தை நான் இங்கே கருதவில்லை. ஊராரின் சொல்லால் வரைபடத்தில் ஒரு கோடாவது மாறுமாயின், அதுவே கலந்தெண்ணிய கூட்டம்.

அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கான பணி 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. புகையும் சாம்பலும் இல்லாத திட்டம் என்பதால் மகிழ்ச்சியே. எனினும் சூரியத் தகடுகளின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள்தாம். அதன்பின் அவற்றை அகற்றுவது யார்? ஊர் மாடுகள் மேய்வது எங்கே? அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் தொழில் யாது? இவ்வினாக்களை இன்றே கேட்கவும், அவ்வூராரோடு அமர்ந்து விடை காணவும் தெரிந்த முகாமையாளர்களை உருவாக்குதல் நம் கல்விக்கூடங்களின் கடன். பெற்றோரும் தம் பிள்ளைகளைப் பொறியியலுக்கும் முகாமைத்துவத்துக்கும் அனுப்பும்போது, பட்டத்தோடு இப்பழக்கத்தையும் பெற்று வருமாறு சொல்லி அனுப்புவார்களாக.