எதிர்க் கரண்டு

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

"வெயில் இப்படிக் கொளுத்துது, மேல அத்தனை கண்ணாடி இருக்குது, காத்தாடி மட்டும் ஏஞ்சாமி சுத்த மாட்டேங்குது?"

என் அம்முச்சி கேட்ட இந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. பெருந்துறைக்கு அருகே எங்கள் ஊரில் அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மாமா வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடுகள் பளபளத்துக் கொண்டிருந்தன. வீட்டுக்குள்ளோ விசிறி ஓடவில்லை. "இவன் காலேஜிலே இதைத்தானே படிக்கிறான்" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரியவீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதியைக் கடனாக வாங்கி மாமா தகடுகளைப் போட்டார். தகடு தருவது நேர்மின்சாரம். அதை இன்வெர்ட்டர் என்னும் கருவி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்கி, வெளிக் கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு அலைக்கு அலை பொருந்தும்படி இணைத்து விடுகிறது. வீடு பயன்படுத்தியது போக மீதி தெருக் கம்பிக்குப் போகிறது. இருவழி மீட்டர் வாங்கியதையும் கொடுத்ததையும் தனித்தனியே எழுதி வைக்கிறது. மாமா ஒரு முறை வாங்கியது 410 யூனிட், கொடுத்தது 365; கணக்குத் தீர்த்தது மீதி 45 யூனிட்டுக்கு மட்டும்.

"பால் ஊத்தறவன் பால் சொசைட்டிக்குக் கணக்கு வெச்சிருக்கிற மாதிரிதான்" என்று மாமா பெருமையாகச் சொல்லுவார்.

இதில் ஒருவருக்கு மட்டும் விருப்பமில்லை. அவர் என் அப்பா.

"மாப்பிள்ளை, நீங்க கரண்டை வாங்குங்க, வேண்டாங்கலை. லைனுக்குத் திருப்பி விடறேங்கறீங்களே, அதுதான் வேண்டாம்" என்றார். தகடு மாட்டிய நாளிலிருந்து அவர் அந்த மாடிப்படியை மிதிக்கவில்லை. மாமாவுக்கு வருத்தம். அம்மா இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள்.

அப்பாவின் அச்சத்துக்குக் காரணம் அவருடைய வலது உள்ளங்கையில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பு அவர் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் ஏறிக் கொண்டிருந்தவர். ஒருநாள் மின்சாரம் நிறுத்தப்பட்ட லைனில் வேலை நடந்தபோது, எங்கோ ஒரு பட்டறையில் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அங்கே இல்லை. பட்டறையின் மின்சாரம் லைனுக்கு ஏறிவிட்டது. அப்பா கை வெந்து கீழே விழுந்தார். கூட ஏறியவர் பிழைக்கவில்லை. அன்றோடு அப்பா கம்பத்தை விட்டார், தறிக்கு வந்தார்.

எங்கள் பேராசிரியரிடம் அம்முச்சியின் கேள்வியைக் கொண்டு போனேன். அவர் கரும்பலகையில் ஒரு டிரான்ஸ்பார்மரை வரைந்தார். "இது 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குத் தருகிறது. நம் பக்கமிருந்து மின்சாரம் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அதே டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும்! அப்பாவின் கையைச் சுட்டது எது என்று இருபதாவது வயதில்தான் எனக்கு விளங்கிற்று.

ஆகவேதான் இந்த இன்வெர்ட்டர், வெளிக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்ட கணமே தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. மின்சாரம் திரும்பினாலும் உடனே ஓடாது. சிறிது நேரம் அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் கவனித்த பின்பே இணையும். மின்கலம் வைத்த தனி ஏற்பாடு இருந்தால் அன்றி, மின்தடையில் வீடு இருண்டுதான் இருக்கும். வீட்டிலே காத்தாடி நிற்பது கம்பத்திலே ஓர் உயிர் நிற்பதற்காக!

அடுத்த பராமரிப்பு நாளன்று அப்பாவைக் கெஞ்சி அழைத்துச் சென்றேன். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார், நம்பவில்லை. தம் பழைய டெஸ்டரை எடுத்து, மீட்டர் பலகையில் தாமே வைத்துப் பார்த்தார். எரியவில்லை. இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்தார். வெயில் உச்சியில் இருந்தும் அது சும்மா இருந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"நல்ல மெசின்தான் கண்ணு. ஆனா இது என்னைக்காவது கெட்டுப் போச்சுன்னா?"

மறுபடியும் நான் விழித்தேன். அவரே சொன்னார்: "மெசினை நம்பலாம். ஆனா லைனை டெஸ்ட் பண்ணி, எர்த் ராடு மாட்டாம ஒருத்தனும் கம்பத்துல ஏறக் கூடாது. அன்னைக்கு எங்களுக்கு அது குடுக்கலை."

கரும்பலகையில் நான் கற்றது பாதிப் பாடம். மறுபாதியை அப்பா மீட்டர் பலகையின் முன்னால் நடத்தி முடித்தார்.

நம் கொங்கு நாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உறவு பழையது. 1932-ல் பைகாரா அருவி மின்சாரம் வந்த பிறகே கோவையின் ஆலைகள் பெருகின. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர் போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு பட்டு உயிர்கள் போயின. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் வங்கிக் கடனும் சேர்த்து ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் தேவை போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. மின்சாரத்துக்காகக் கை நீட்டி நின்ற ஊர்கள், மின்சாரத்தைக் கொடுக்கும் ஊர்களாகும் காலம் இது.

கொடுப்பது பெருமைதான். ஆனால் கொடுக்கும் கம்பியின் மறுமுனையில் யார் கை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ ஜெனரேட்டர் இருந்தால், நண்பர்களே, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று இந்த விடுமுறையில் ஒருமுறை பாருங்கள்.

அம்முச்சிக்கு நான் கடைசியில் சொன்ன விடை இதுதான்: "கம்பத்து மேல ஆள் இருக்காங்க அம்முச்சி, அதான் சுத்தலை."

"அப்படீன்னா சரி, வேலை முடிச்சு இறங்கட்டும்" என்று அவள் பனை விசிறியை எடுத்துக் கொண்டாள்.